தாணேக்குப் போன பச்சைப் பை

ஜனவரி 19, ஞாயிறு

செம்பூர் ஸ்டேஷன் வாசலில் சேவ்பூரி தின்றுகொண்டிருந்தோம். அதீபா வாயில் பூரியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, செலக்ட் ஆயிட்டேன். பிப்ரவரில தென் சூடான்." எனக்குப் புரையேறிவிட்டது. பச்சைச் சட்னி மூக்கு வரை போய்த் திரும்பியது. அவள் முதுகில் தட்டினாள். மிலிட்டரி நர்ஸ் தட்டினால் எப்படி இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை, இன்னும் வலிக்கிறது.

இரண்டு வருஷமாக இதற்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஐ.நா. அமைதிப்படைக்காக நம்ம ஆர்மி அங்கே ஒரு ஆஸ்பத்திரி நடத்துகிறது. அதில் ஒரு வருஷம். பயிற்சி, தடுப்பூசி எல்லாம் போன மாதமே டில்லியில் முடித்துவிட்டாளாம், என்னிடம் மட்டும் 'டில்லியில டியூட்டி' என்று புளுகியிருக்கிறாள். கேப்டன் அதீபா ஜெயினுலாப்தீன், பெரிய புளுகுணி. நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். ஒரு ஆட்டோக்காரர் மராத்தியில் திட்டிவிட்டுப் போனார். எந்த ஊர் என்று கேட்டேன், காதில் சொன்னாள், வெளியே சொல்லக்கூடாது என்றாள். அதனால் இந்த டைரியில்கூட எழுத மாட்டேன். எனக்கும் ஆர்மி ரகசியம் ஒன்று இருக்கிறது!

வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். எதற்கு? அஞ்சாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் ஜம்முவில் இருந்தாலும் ஜோத்பூரில் இருந்தாலும் தினம் போன் உண்டு. மேனேஜரை எப்படிச் சமாளிக்கிறது, பெண் பார்க்க வந்த ஆளை எப்படி மரியாதையாக அனுப்புகிறது, எல்லாம் அவளைக் கேட்டுத்தான். அவளுக்கு போட்டோ அனுப்பாமல் ஒரு செருப்புகூட வாங்கினதில்லை. இருபத்தெட்டு வயசு ஆகிறது. ஒரு வருஷம் நான் என்ன பண்ணுவேன்?

ஜனவரி 21, செவ்வாய்

ஆபீஸில் வேலையே ஓடவில்லை. தென் சூடானில் இப்போது என்ன மணி என்று பார்ப்பதே வேலையாக இருந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நான் வக்கீல். சீத்தா கேம்ப் போய்த் தன் வாப்பா ஜெயினுலாப்தீன் அங்கிளிடம் வாதாட வேண்டும் என்று அதீபா இழுத்துக்கொண்டு போனாள். அங்கிள் ஸ்கூல் பை தைக்கிற கார்கானா வைத்திருக்கிறார். கீழே மெஷின்கள், மேலே வீடு. அதீபாவின் உம்மா காலமான பிறகு மேலே இவர் ஒருத்தர்தான். மகள் லீவுக்கு வந்தால்தான் அந்த வீட்டில் சத்தம் கேட்கும்.

அவள் சொல்லச் சொல்ல அவர் மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். நான் ஐ.நா. சபை, தேசத்துக்குப் பெருமை, வாழ்க்கையில் ஒரு தடவை கிடைக்கிற சான்ஸ் என்று அளந்துவிட்டேன். என் வாய் பேசுகிறது, உள்ளே ஒரு குரல் 'வேண்டாம்னு சொல்லுங்கோ அங்கிள், வேண்டாம்னு சொல்லுங்கோ' என்று கெஞ்சுகிறது. கடைசியில் அவர் மெஷினை நிறுத்தினார். "போ. ஆனா ஒரு வருசந்தான். அதுக்கு மேல ஒரு நாளு ஆனாலும் நான் அங்க வந்துருவேன்." அங்கிள் மான்குர்த் தாண்டிப் போகிறதே பெருநாளுக்குப் பெருநாள்தான். மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவர் பச்சைக் கேன்வாஸை எடுத்து அளக்க ஆரம்பித்தார். மகளுக்குப் பை.

என் வாதத்தால் ஜெயித்த கேஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 3, திங்கள்

அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள். நாளை அதீபா டில்லி போகிறாள், அங்கிருந்து மறுநாள் ராத்திரி எல்லோருமாக ஆப்பிரிக்கா. ஏர்போர்ட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும், சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அம்மா போட்ட சட்டம். கிளம்ப வேண்டியது நாலு மணி. செவ்வாய்க்கிழமை நாலு மணி ராகு காலம்.

அதற்கு அம்மாவிடம் வழி இருக்கிறது. பரஸ்தானம். காலையில் நல்ல நேரத்தில் பயணச் சாமானில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் அப்போதே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் படி தாண்டலாம், போகும்போது அதை எடுத்துக்கொண்டால் போதும். "ஆனா காலிப் பையைக் கொண்டு வெச்சா செல்லாது, கேட்டியா. போற எடத்துல எது இல்லாட்டா முடியாதோ, அது உள்ள இருக்கணும்" என்றாள்.

போனில் சொன்னேன். அதீபா விழுந்து விழுந்து சிரித்தாள். என் அம்மா, அவளுடைய அம்மிணி ஆன்ட்டி, சொன்னால் சரி என்றாள். அங்கிளுக்கும் ஆட்சேபமில்லை. பையை ஒரு இடத்தில் வைக்கிறதில் என்ன வந்துவிடப் போகிறது என்றாராம்.

பிப்ரவரி 4, செவ்வாய், காலை

பரஸ்தானம் ஆயிற்று. எதிர் பிளாட் வேங்கடசுப்ரமணியன் மாமா வீட்டு சுவாமி அலமாரிப் பக்கத்தில் பச்சைப் பை ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. இல்லாட்டால் முடியாத பொருள் என்ன என்று யோசித்து, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கார்டை அதில் வைத்தாள் அதீபா. அது இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடவே மாட்டார்களாம். அம்மாவுக்குப் பரம திருப்தி. பாலடைப் பிரதமன் பாயசம் கொதிக்கிறது. நான் மூன்று தடவை ருசி பார்த்துவிட்டேன். அழக்கூடாது என்று இருவரும் கைமேல் அடித்து சத்தியம் பண்ணியிருக்கிறோம்.

பிப்ரவரி 5, புதன். டில்லி ஏர்போர்ட்டில் உட்கார்ந்துகொண்டு

ஆமாம், டில்லி. எனக்கே நம்பிக்கை இல்லை.

நேற்று நாலு மணிக்கு லிஃப்டில் ஏறுகிற வரை அமர்க்களம். சத்தியம் முதல் நிமிஷமே போயிற்று. அழுகை, செல்ஃபி, அழுத மூஞ்சி நன்றாக இல்லையென்று மறுபடி செல்ஃபி. அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அங்கிளையும் சேர்த்து எல்லோரும் டாக்ஸியில் ஏறினோம். ஏர்போர்ட்டில் சாமானை இறக்கினதும் அதீபா கேட்டாள்: "பச்சைப் பை எங்கட்டி?"

அம்மா எடுத்திருப்பாள் என்று நான் நினைத்தேன். நான் எடுத்திருப்பேன் என்று அம்மா நினைத்தாள். அங்கிள் மட்டும் பையைப் பற்றி யோசித்தாராம். ஆனால் அது இந்த வீட்டு சம்பிரதாயம், நாம் கை வைத்தால் தப்பாகிவிடுமோ என்று மரியாதையாகப் பேசாமல் இருந்துவிட்டார்! எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. சிரித்துவிட்டேன். அதீபா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

புது ஊசி போட்டுக்கொண்டால் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். கார்டுக்கும் நகல் உடனே கிடைக்காது. மறுநாள் மத்தியானம் டில்லியில் பேப்பர் சரிபார்க்கிறார்கள். இவளுக்குப் பதிலாகப் போக ஒரு நர்ஸ் ரிசர்வில் தயாராக நிற்கிறாள்.

அம்மா வீட்டுக்கு ஓடினாள். மாமா வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் எங்களிடம் இருக்கும். திறந்து பார்த்துவிட்டு போன் பண்ணினாள். பை இல்லை. மாமாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். வாட்ச்மேன்தான் சொன்னார்: தாணேயில் மாமாவின் பெண் விசாலாக்ஷிக்குப் பிரசவ வலி, தகவல் வந்து மாமா மத்தியானமே போய்விட்டார், கையில் ஒரு பச்சைப் பை இருந்தது.

அதீபாவிடம் சொன்னேன், நீ ஃபிளைட் ஏறு, நான் பையோடு டில்லி வருகிறேன் என்று. சொன்னது நான்தானா? பூனாவுக்கு அந்தப் பக்கம் நான் தனியாகப் போனதே இல்லை. அங்கிள் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கொண்டு போயிருவியாம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

காட்கோபரில் அந்த நேரத்துத் தாணே லோக்கல். ஏறினேன் என்று சொல்ல முடியாது, ஏற்றப்பட்டேன். ஒரு செருப்பின் வார் அங்கேயே பிய்ந்தது. விசாலாக்ஷியின் மாமியாரைப் பிடித்து அம்மா ஆஸ்பத்திரி பெயர் வாங்கி வைத்திருந்தாள். போய்ப் பார்த்தால், பிரசவ வார்டு வாசல் பெஞ்சில் மாமா, மடியில் பச்சைப் பை, அதைச் சுற்றி இரண்டு கையும். "பரஸ்தானம் வெச்ச பையைப் பூட்டின ஆத்துல தனியா விடப்படாதோல்லியோ, அதான் கையோட எடுத்துண்டு வந்துட்டேன்" என்றார். முகத்தில் எவ்வளவு பொறுப்பு! பேத்தி பிறந்திருக்கிறாள். பை வந்த வேளை என்று எனக்கு வேறு பேடா கொடுத்தார். இவரிடம் எப்படிக் கோபப்படுவது? காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணிவிட்டு ஓடி வந்தேன்.

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. பை மடியில். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். இது போய்ச் சேராவிட்டால் அவள் போக மாட்டாள். ஃபிளைட் கிடைக்கவில்லை என்று சொன்னால் முடிந்தது. ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அவள் இங்கேயே இருப்பாள், தினம் போன் வரும், நான் பழையபடி செருப்பு போட்டோ அனுப்பலாம். முலுண்ட் வரை இதே நினைப்பு. என்ன பொண்ணுடி நீ? பாண்டுப்பில் போனை எடுத்து டிக்கெட் போட்டேன். என் பெயரையே தப்பாக அடித்து, மறுபடி அடித்தேன்.

இன்று காலை கன்டோன்மென்ட் கேட். டில்லியில் இந்தக் குளிர் என்று யாரும் சொல்லவில்லையே! ஊக்கு குத்தின செருப்பு, மெல்லிசுச் சுடிதார், பல் தந்தி அடிக்கிறது. அதீபா யூனிஃபார்மில் ஓடி வந்தாள். "வந்துட்டியா" என்றாள். அவள் முகமும் ஏனோ வெளுத்துத்தான் இருந்தது, குளிர் போலிருக்கிறது. பையைத் திறந்து கார்டைப் பார்த்தாள். பிறகு நேராக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தாள். கேட்டில் நின்ற ஜவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பேச நேரமில்லை. "ஞாயித்துக்கெழம வாப்பாவ ஒரு எட்டு பாத்துக்கட்டி" என்றாள், அவ்வளவுதான், உள்ளே போய்விட்டாள்.

பிப்ரவரி 6, வியாழன்

மெசேஜ்: 'போயிட்டு வாரேன்ட்டி.' அம்மா மிச்சமிருந்த பிரதமனை எனக்கே கொடுத்துவிட்டாள். தின்றேன். உப்புக் கரித்தது, காரணம் பிரதமன் இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சீத்தா கேம்ப் போனேன். அங்கிளும் நானும் எதிரெதிரே. அதீபா நடுவில் இல்லாமல் இவரிடம் நான் பேசினதே இல்லை. வெயில் ஜாஸ்தி என்றேன். ஆமாம் என்றார். பஸ் கூட்டம் என்றேன். ஆமாம் என்றார். கிளம்பலாமா என்று நினைக்கிறபோது ஒரு குவியல் பையை என் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு ஜிப்பையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டுமாம். ஒரு பல் சிக்கினாலும் தனியே வைக்க வேண்டும். பார்த்தேன். இருட்டுகிற வரை பார்த்தேன். கையெல்லாம் கேன்வாஸ் வாசனை.

"அடுத்த வாரமும் வருவியாம்மா?" என்றார். இந்தியாவின் முதல் ஜிப் இன்ஸ்பெக்டர் வந்தனா.

மார்ச் 9, ஞாயிறு

நோன்பு ஆரம்பித்து ஒரு வாரம். நான் போகிற நேரத்தை மாலைக்கு மாற்றிவிட்டேன், காரணம் கஞ்சி. பள்ளிவாசலில் வாங்கி வருகிற நோன்புக் கஞ்சி, கூடக் கொஞ்சம் துவையல். எனக்காக அங்கிள் ஒரு பெண்ணிடம் சொல்லித் தனியாகக் கறி போடாத கஞ்சி காய்ச்சச் சொல்லியிருக்கிறார். நான் கேட்கவே இல்லை. பாங்கு சொல்கிற வரை கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோன்பு இல்லாதவளுக்கு ஏன் இந்த வீம்பு என்று அவருக்குச் சிரிப்பு.

அதீபா வீடியோவில் வந்தாள். கறுத்துப் போயிருக்கிறாள். கன்டெய்னர் அறையில் தங்குகிறாள், கொசுவலைக்குள் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கிறாய் என்றேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்துவிட்டது. வாயைத் திறந்தபடி உறைந்த அதீபாவை அங்கிள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வியாழன்

போன் இல்லை. நேற்றும் முந்தாநாளும் இல்லை. டிவியில் அந்தப் பக்கம் சண்டை என்று ஒரு வரி ஓடியது.

மார்ச் 21, வெள்ளி

இல்லை.

நான்தானே கொண்டு கொடுத்தேன்? நான்தானே பெரிய இவளாட்டம் ஃபிளைட்டுல போய்க் குடுத்தேன்? பேசாம இருந்திருக்கலாமே. முலுண்டோட எறங்கியிருக்கலாமே. அம்மா, இன்னிக்குப் பஞ்சாங்கம் என்ன சொல்றது, சொல்லேன் — அம்மா விளக்கேற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 22, சனி

ஆபீஸிலிருந்து நேராக சீத்தா கேம்ப். அங்கிள் கார்கானாவைப் பூட்டிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். லைட்டைப் போட்டேன். அவரிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், ரயிலில் நினைத்ததைக்கூட. கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் இப்போது இங்கே இருந்திருப்பாள் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் அந்தப் பைய தைக்காம இருந்திருக்கலாமேன்னுதான் ஒக்காந்திருக்கேன்" என்றார். பிறகு எழுந்துபோய் எனக்கு டீ போட்டார். நோன்பு திறந்தாகிவிட்டதா என்று கேட்டேன். மறந்துபோயிருக்கிறார். பேரீச்சம்பழத்தை நான் எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 24, திங்கள்

வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது!

டவர் விழுந்துவிட்டதாம், அவ்வளவுதானாம். அவ்வளவுதான் என்கிறாள் பாவி. சண்டையில் அடிபட்டவர்களைக் கொண்டு வந்துகொண்டே இருந்ததால் சரியாகத் தூங்கவில்லை, மற்றபடி சௌக்கியம். ஆபீஸ் பாத்ரூமில் ஆடினேன். ஹவுஸ்கீப்பிங் மௌஷி பார்த்துவிட்டார், கல்யாணமா என்று கேட்டார். அதைவிடப் பெரிசு என்றேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். அம்மாவும் நானும் சீத்தா கேம்பில். அம்மா புளியிஞ்சி கொண்டு போனாள், பெருநாளுக்குப் புளியிஞ்சி யார் கேட்டது? அங்கிள் இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

அதீபாவின் கதைதான் இன்றைக்கு விசேஷம். அந்தச் சண்டை நாட்களில் ஒரு கர்ப்பிணியைத் தூக்கி வந்தார்களாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். நேற்று அந்தப் பெண் குடும்பத்தோடு நடந்தே வந்து இவள் கையில் ஒரு கோழியைக் கொடுத்தாளாம். வேண்டாம் என்றால் அவமானம். ஆஸ்பத்திரியில் கோழி வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. கர்னல் தலையைச் சொறிந்துகொண்டு, சமையல் கொட்டகைக்குப் பின்னால் கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார். கோழிக்குப் பெயர் வந்தனா. நிறுத்தாமல் கத்துகிறதாம், அதனால்தான் அந்தப் பெயராம். அங்கிளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் கோபித்துக்கொள்ள முயற்சி பண்ணினேன், முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அதீபா லீவில் வந்திருக்கிறாள்! பக்ரீதுக்குச் சரியாக வந்து குதித்தாள். வந்தவள் வீட்டைப் பார்த்துத் திகைத்துப் போயிருக்கிறாள். அலமாரியில் எனக்கென்று ஒரு டம்ளர். மெஷின் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூல், மேலே நானே தைத்த கோணல் குஷன். ஸ்கூல் திறக்கிற சமயம், ஆர்டர் குவிந்திருக்கிறது. நானும் அங்கிளும் ரன்னர் சப்ளை பண்ணுகிறவனைத் திட்டிக்கொண்டிருந்தோம். இவள் நடுவில் உட்கார்ந்து, ரன்னர் என்றால் என்ன என்று கேட்டாள். ஜிப்பில் ஓடுகிற சின்ன வண்டி என்று விளக்கினேன். கேப்டனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மறுபடி ஏர்போர்ட். இந்தத் தடவை நானும் அவளும் மட்டும். சாமான் எல்லாம் டாக்ஸியில் ஏறிற்றா என்று அம்மா மாடியிலிருந்தே கத்திக் கத்திச் சரிபார்த்தாள்.

உள்ளே போகிற இடத்தில் நின்றுகொண்டு அதீபா போக மாட்டேன் என்கிறாள். கையை விடவில்லை. நேரமாகிறது என்றேன். அப்போதுதான் சொன்னாள்: "அன்னைக்கு டில்லி கேட்ல நிக்கும்போது, நீ பையோட வந்திரக் கூடாதுன்னு நெனச்சேன்ட்டி. ரெண்டு வருசம் கேட்டு வாங்கிட்டு, அன்னைக்கு அப்படிப் பயம். கார்டு இல்லன்னா என்னைய யாரும் கொறை சொல்ல மாட்டாங்கல்லா. பாத்தா நீ பிஞ்ச செருப்போட நடுங்கிக்கிட்டு நிக்கே. இவளே இவ்வளவு தூரம் வந்துட்டா, இனி எப்படிப் போவாம இருக்கன்னு போயிட்டேன்."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு என் முலுண்ட் கதையைச் சொன்னேன். அவள் முறைத்தாள். நான் முறைத்தேன். அப்புறம் வந்ததே ஒரு சிரிப்பு, தரையில் உட்கார்ந்துவிட்டோம். போக வேண்டாம் என்று நினைத்தவளுக்கு, அனுப்ப வேண்டாம் என்று நினைத்தவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள்! வாசலில் நின்ற செக்யூரிட்டி வந்து, மேடம் நகருங்கள் என்றார்.

எழுந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தாயும் பிள்ளையும் உயிரோடு இருப்பதில் உனக்குப் பங்கு உண்டு என்றாள். அந்தக் கோழி நியாயமாக உனக்குச் சேர வேண்டியது என்றாள். எங்களுக்குள் தேங்க்ஸ் சொல்லிப் பழக்கமில்லை. இது போதும்.

உள்ளே போய்விட்டாள். மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள். நான் அழவில்லை, எனக்கே ஆச்சரியம். மழை ஆரம்பித்துவிட்டது. மான்குர்த் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்தேன், ஆர்டர் பாக்கி இருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

நாளைக் காலை ஒரு ஸ்கூலுக்கு டெலிவரி. நல்ல மழை, கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது. குவியலுக்கு நடுவில் ஜிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதீபா போன். பத்து நிமிஷம் கழித்துப் பண்ணுடி, கையில் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

மெஷின் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன்.

"அவ அழுதுருவா மவளே."

"அழட்டும் வாப்பா. அந்த நீலப் பையை இந்தப் பக்கம் தள்ளுங்கோ."